நாம்பன் கன்றின் கணக்கு

வகுப்பறையில் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல இயலாது நின்ற அநுபவம் ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அனைவர்க்கும் உண்டு. ஈச்சிலம்பற்றில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாளில் எமக்கும் அது நேர்ந்தது. அன்றைய பாடம் தொகைச் சொற்களைப் பற்றியது. இரு பெயர்கள் சேர்ந்து ஒரு பெயராவதற்கு எடுத்துக்காட்டாக 'ஒட்டகச்சிவிங்கி' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினோம். ஒட்டகத்தின் உருவமும் சிவிங்கியின் புள்ளிகளும் ஓருடலில் அமைந்தன என்று பழங்காலத்து மேலைநாட்டார் எண்ணி இட்ட பெயரையே நம்மவர் தமிழாக்கினர் என்று விளக்கினோம். அப்பொழுது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவன் வீட்டார் வெருகல் ஆற்றை அண்டிய புல்வெளியில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்கள்.

"அதுகளையும் பட்டியாத்தான் வச்சிருக்கிறாங்களா, சேர்?"

மிருகக்காட்சிச்சாலைகளில் ஓர் ஆணும் சில பெண்களுமாகச் சேர்த்து வைத்திருப்பார்கள் என்றோம்.

"அப்ப, பிறக்கிற நாம்பனுகளையெல்லாம் என்ன செய்யிறாங்க?"

வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டி வாழ்க்கையை அறியாத வாசகர்க்கு அந்தக் கேள்வியின் பொருளைச் சொல்லியாக வேண்டும். முப்பது நாற்பது பசுக்கள் உள்ள பட்டிக்கு ஒன்றிரண்டு பொலிகாளைகள் போதும். ஆனால் ஈனப்படும் கன்றுகளிற் பாதி நாம்பன். நாகு கன்று பட்டியிலே தங்கிவிடும், நாம்பனுக்கு இடமில்லை. உழவுக்கும் வண்டிக்கும் எருது தேவைப்பட்ட காலத்தில் நாம்பனை நலமடித்துப் பழக்கினார்கள். அதற்கும் ஒரு விலை இருந்தது. வயலுக்கு உழவு இயந்திரம் வந்த பின் அந்த வேலையும் போயிற்று. இன்று நாம்பன் கன்று வளர்வதற்குள் வியாபாரியின் லொறியில் ஏறுகிறது. அது எங்கே போகிறது என்பது பட்டிக்காரனுக்குத் தெரியும். அதைப்பற்றி அவன் பேசுவதில்லை. கேள்வி கேட்ட அந்தப் பையனின் பாடப்புத்தகப் பையும் சப்பாத்தும் எந்தப் பணத்தில் வந்தன என்பது அவனுக்கும் தெரியும்.

அவனுக்கு விடை தேடிச் சென்ற வழியில் நாம் கண்டவற்றையே இங்கே எழுதுகிறோம்.

முதலிற் பெயரின் பிற்பாதியான சிவிங்கியிலிருந்து தொடங்கலாம். ஏனெனில் விலங்கைக் கட்டி வைத்தல் வேறு, கட்டிய இடத்தில் அதை ஈனச் செய்தல் வேறு என்பதை அதன் வரலாறு போல விளக்குவது பிறிதில்லை. மொகலாயச் சக்கரவர்த்தி அக்பர் வேட்டைக்காக ஆயிரம் சிவிங்கிகள் வரை சேர்த்ததாக அவருடைய மகன் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளிற் பதிந்திருக்கிறார். அத்தனை விலங்குகளைப் பொன்முகபடாம் இட்டு வளர்த்தும் அவை கூடிக் குட்டி ஈனவில்லை. தம் ஆட்சிக் காலத்தில் ஒரே ஒரு முறை ஒரு பெண் சிவிங்கி மூன்று குட்டிகளை ஈன்றதை ஓர் அதிசயமாகவே ஜஹாங்கீர் எழுதி வைத்தார். அதன் பின் மனிதர் காவலில் சிவிங்கி ஈன்றதாக உலகம் அறிந்தது 1956 இல், அமெரிக்காவின் பிலடெல்பியா மிருகக்காட்சிச்சாலையிலே தான். இடைப்பட்ட மூன்று நூற்றாண்டுகளிலும் அரசவைகளுக்குத் தேவையான சிவிங்கிகள் அனைத்தும் காட்டிலிருந்தே பிடிக்கப்பட்டன. 1952 இல் அவ்விலங்கு இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. பிடிக்கக் காடு இருக்கும் வரையில் பிறப்பைப் பற்றி எந்த அரசனும் கவலைப்பட்டதில்லை.

ஒட்டகச்சிவிங்கியின் கதையும் நெடுங்காலம் அப்படியே நடந்தது. கி.மு. 46 இல் ஜூலியஸ் சீசர் தம் வெற்றி விழாவுக்கு ஒன்றை உரோமாபுரிக்குக் கொண்டுவந்தார். கீழைத்தேசத்தில் 1414 ஆம் ஆண்டு வங்காளத்துச் சுல்தான் சைபுதீன் ஹம்சா ஷா, ஆபிரிக்காவிலிருந்து தமக்கு வந்த ஒட்டகச்சிவிங்கியைச் சீனத்து யொங்லெ சக்கரவர்த்திக்குக் காணிக்கையாக அனுப்பினார். நல்லரசன் ஆளும் காலத்தில் மட்டும் தோன்றுமென்று சீனப் பழங்கதைகள் கூறும் 'கிலின்' என்ற மங்கல விலங்கே வந்துவிட்டதென்று அரசவைப் புலவர் பாடினர், ஓவியர் வரைந்தனர்.

இந்தச் சக்கரவர்த்தியை இலங்கைத் தமிழ் வாசகர் அறியாதவரல்லர். அவருடைய கப்பற்படைத் தலைவன் செங் ஹே என்பான் 1409 ஆம் ஆண்டிட்டுச் செதுக்கிக் கொணர்ந்த மும்மொழிக் கல்வெட்டு 1911 இல் காலியிற் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீன மொழியிற் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழிலே தெவிநுவரையிற் கோயில் கொண்ட தெனவரை நாயனாருக்கும் காணிக்கைகள் அதிற் கூறப்படுகின்றன. மூன்று தெய்வங்களையும் ஒரே கல்லிற் போற்றிய அதே படை 1411 இல் இலங்கையின் ஆட்சியாளனான வீர அழகேஸ்வரனைச் சிறைபிடித்துச் சீனத் தலைநகருக்குக் கொண்டு சென்றது; பின்னரே விடுவித்தது. மூன்று ஆண்டு இடைவெளியில் அந்த அரண்மனையின் முன் ஓர் அரசனும் ஓர் ஒட்டகச்சிவிங்கியும் நிறுத்தப்பட்டார்கள். காணிக்கை அரசியலில் இரண்டுக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான்கு நூற்றாண்டுகளின் பின்னரும் இந்த அரசியல் மாறவில்லை. எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷா 1820 களில் சூடானை வென்று அடிமைகளையும் யானைத் தந்தத்தையும் நைல் நதி வழியே வடக்கே கொண்டுவந்தார். அவருடைய படைகள் கிரேக்கரின் விடுதலைப் போரை ஒடுக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஐரோப்பிய அரசுகளின் சினத்தைத் தணிக்க அவர் மூன்று ஒட்டகச்சிவிங்கிக் கன்றுகளைப் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் பரிசாக அனுப்பினார். பரிசுகள் பலிக்கவில்லை, 1827 ஒக்டோபரில் நவாரினோக் குடாவில் பிரித்தானிய, பிரெஞ்சு, ருஷ்யக் கப்பல்கள் சேர்ந்து அவருடைய கடற்படையை அழித்தன. இங்கிலாந்து சென்ற கன்று கால்கள் தளர்ந்து 1829 இல் இறந்தது. பிடித்த போது ஒட்டகத்தின் முதுகிற் கால்களை மடக்கிக் கட்டிக் கொண்டுவந்ததே காரணமென்று அன்று சொன்னார்கள். வியன்னா சென்றதும் ஓராண்டைத் தாண்டவில்லை.

பிரான்சுக்குச் சென்ற பெண் கன்று மட்டும் பிழைத்தது. அதன் கழுத்துக்காகக் கப்பலின் மேற்றளத்தில் துளை வெட்டினார்கள். பாலுக்காகப் பசுக்களும் கூடவே கப்பலேறின. 1826 ஒக்டோபரில் மார்செய் துறைமுகத்தில் இறங்கி, குளிர்காலம் கழிந்தபின், 1827 மே 20 இல் புறப்பட்டு, விலங்கியல் அறிஞர் எத்தியென் ஜெப்ரோய் சென்-ஹிலேர் உடன் நடந்துவர, 41 நாட்களில் ஏறக்குறைய 880 கிலோமீற்றர் தூரத்தைக் கால்நடையாகக் கடந்து அது பாரிஸை அடைந்தது. பாரிஸ் நகரமே திரண்டது. பெண்கள் அதைப்போலக் கொண்டை முடிந்தார்கள் என்றெல்லாம் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. அவற்றை நாம் விட்டுவிடலாம். எம் கவனத்தை ஈர்த்தவன் வேறொருவன். அதீர் என்ற சூடான் நாட்டான் எகிப்திலிருந்தே கன்றுடன் வந்து, பாரிஸிலும் அதனுடனேயே தங்கிவிட்டான். அது தின்பதையும் தின்னாததையும், குளிருக்கு நடுங்குவதையும், யாரைக் கண்டு மிரளுகிறது என்பதையும் அறிந்தவன் அவனே. பரிசைப் பெற்ற பத்தாம் சார்ல்ஸ் மன்னனை 1830 ஜூலையிற் பாரிஸ் மக்கள் துரத்திவிட்டார்கள். ஒட்டகச்சிவிங்கி 1845 வரை வாழ்ந்தது. ஆயினும் கன்று ஈனவில்லை. பரிசாக வந்த தனி விலங்குக்கு இனப்பெருக்கம் ஏது?

பெருக்க வேண்டுமென்ற எண்ணம் முதலில் இலண்டன் விலங்கியற் சங்கத்தாருக்கு வந்தது. அவர்களுடைய ஏற்பாட்டின்படி ஜோர்ஜ் திபோ என்ற பிரெஞ்சு வியாபாரி 1834 இல் கொர்தொபான் பாலைவனத்துக்குச் சென்று கன்றுகளைப் பிடித்தார். பிடித்தவர் அவர் என்று எழுதுவது வழக்கம். உண்மையிற் பிடித்தவர்கள் வாள்களோடு குதிரையேறிய அரபு வேடர்கள். தாயைக் கொன்று கன்றைக் கைப்பற்றுவதே முறை. தாயின் இறைச்சி அன்றிரவு உணவாயிற்று. பிடிபட்ட கன்றை நீண்ட கயிற்றிற் கட்டி ஒருவன் சில நாட்கள் இடைவிடாது கூடவே இருப்பான். ஒட்டகப் பாலைப் பாத்திரத்தில் வைத்து, அதற்குள் தன் விரலை நனைத்துக் கன்றின் வாயிற் கொடுப்பான். தாயின் காம்பென்று எண்ணி அது சப்பத் தொடங்கும். திபோ இதையெல்லாம் வியப்போடு சங்கத்துக்கு எழுதினார். தாயற்ற கன்றுக்குப் பால் பருக்க எம்மூர்ப் பட்டிக்காரர் செய்வதும் இதுவேதான். அவர்களுக்கு அதில் வியப்பு எதுவுமில்லை. நூல்களிற் பெயரேறாத மேய்ச்சற்காரரின் அறிவைக் கொண்டே அறிவியற் சங்கங்களின் முதற் பக்கங்கள் எழுதப்பட்டன என்பதை நாம் மாணவர்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான்கு விலங்குகள் 1836 மே மாதம் இலண்டனை அடைந்தன: மூன்று ஆண், ஒரு பெண். அந்த ஒற்றைப் பெண்ணான சைதா, 1839 ஜூன் 19 இல் ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலை ஒன்றிற் பிறந்த முதல் ஒட்டகச்சிவிங்கிக் கன்றை ஈன்றாள். சினைக்காலம் ஏறக்குறைய 15 மாதங்கள் என்பதை உலகம் கணக்கெடுத்து அறிந்ததும் அப்பொழுதுதான். தாய் பாலூட்ட மறுத்தாள். கன்று சில நாட்களில் இறந்தது. 1841 இல் ஈன்ற இரண்டாவது கன்று பிழைத்தது. அடுத்த பல ஆண்டுகளில் அங்கே மேலும் பல கன்றுகள் பிறந்தன. ஆனால் இப்பிறப்புகளை நம்பி எந்த மிருகக்காட்சிச்சாலையும் நடக்கவில்லை. ஏனெனில் அதற்குள் காணிக்கைக் காலம் போய் வியாபாரக் காலம் வந்துவிட்டது.

அவ்வியாபாரத்தின் பெருமுதலாளி ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்துக் கார்ல் ஹாகன்பெக். 1870 களில் அவருடைய முகவர்கள் சூடானின் கஸ்ஸாலாவிலிருந்து செங்கடற்கரைக்கு ஒட்டகச்சிவிங்கிகளையும் யானைகளையும் நடத்திக்கொண்டு வருவார்கள். வழியிற் பாலூட்ட ஆட்டு மந்தையும் கூட வரும். இறந்தவை இறக்க, எஞ்சியவை சுயஸ் வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறும். 1881 இல் சூடானில் மஹ்தியின் கிளர்ச்சி மூண்டது. எகிப்திய ஆட்சியும் அதன் பின்னின்ற பிரித்தானிய வலிமையும் அங்கே தகர்ந்தன. வியாபாரப் பாதையும் மூடப்பட்டது. போதாதற்கு 1880 களின் இறுதியில், ஆசியாவிலிருந்து இத்தாலியப் படைக்காகக் கொண்டுபோன மாடுகளோடு சென்ற மாட்டுக் கொள்ளைநோய் ஆபிரிக்காவின் மந்தைகளை அழித்து, ஒட்டகச்சிவிங்கிகளையும் பற்றியது. விளைவு? 1892 இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் இருந்த கடைசி ஒட்டகச்சிவிங்கி இறந்தபோது, 1836 க்குப் பின் முதன்முறையாக அக்கொட்டில் வெறுமையாயிற்று. அரை நூற்றாண்டாகக் கன்றுகள் பிறந்த இடம் அது. காட்டிலிருந்து புதிய விலங்கு வருவது நின்றவுடன் பட்டியும் முடிந்தது. சூடானிய மக்களின் எழுச்சியை வரலாற்று நூல்களிற் படிக்கிறோம். ஒரு வெறுங்கொட்டிலிலும் அதைப் படிக்கலாம்.

ஹாகன்பெக் குடும்பத்துக்கும் எமது தீவுக்கும் இருந்த தொடர்பு சாதாரணமானதன்று. 1883, 1884 ஆம் ஆண்டுகளில் கார்ல் ஹாகன்பெக் யானைகளோடு இலங்கை மனிதர்களையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்று, கூலி கொடுத்து, மிருகக்காட்சிச்சாலைகளின் வேலிக்குள் ஊர்போல அமைத்துக் காட்சிக்கு வைத்தார். ஆடுவதும் பாடுவதும் சமைப்பதும் பிள்ளைக்குப் பாலூட்டுவதும் நுழைவுச்சீட்டுக்குரிய காட்சிகளாயின. அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரரான ஜோன் ஹாகன்பெக் கொழும்பிலே குடியேறி, விலங்கு வியாபாரமும் ஆட்சேர்ப்பும் நடத்தினார். தெஹிவளையில் அவர் தொடங்கிய விலங்குத் தோட்டக் கம்பனி 1936 இல் முறிந்துபோக, அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது; இன்றைய தேசிய மிருகக்காட்சிச்சாலை அதிலிருந்தே வளர்ந்தது. பாடசாலைச் சுற்றுலாவில் அங்கே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இந்த முன்கதையையும் பேருந்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

இவ்வியாபாரம் உச்சத்தில் இருந்த அதே நாட்களிற் கல்கத்தாவில் வேறுவகை மனிதர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். ராம் பிரம்ம சன்யால், 1876 இல் திறக்கப்பட்ட அலிப்பூர் மிருகக்காட்சிச்சாலையில் தொழிலாளரை மேற்பார்க்கும் சிறு உத்தியோகத்தராகச் சேர்ந்து, பின் அதன் முதல் இந்திய மேலாளரானார். எந்த விலங்கு எதைத் தின்றது, எப்போது நோயுற்றது, எந்நாளிற் கூடியது என்று நாள்தோறும் குறித்து வைத்தார். அங்கே 1889 இல் சுமாத்திராக் காண்டாமிருகம் ஒன்று கன்று ஈன்றது. காவலில் உருவாகிப் பிறந்த அவ்வினக் கன்று ஒன்று மறுபடி பிழைத்து வளர்ந்தது 2001 இல், அமெரிக்காவின் சின்சினாட்டியில். இடையில் 112 ஆண்டுகள்! சன்யால் தம் குறிப்புகளைத் தொகுத்து 1892 இல் வெளியிட்ட கைந்நூல், விலங்குகளைக் காவலில் வைத்துப் பேணுதல் பற்றி உலகில் எழுந்த ஆரம்ப நூல்களில் ஒன்று. இலண்டனிற் கொட்டில் வெறுமையான ஆண்டும் அதுவே. பிற்காலத்தில் அலிப்பூரும் மைசூரும் இந்தியாவில் ஒட்டகச்சிவிங்கிகள் பெருகிய இடங்களாயின.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். 1970 களுக்குப் பின் காட்டு விலங்கு வியாபாரத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடுகள் வந்தன; கால்நடை நோய்களுக்கு அஞ்சிய நாடுகள் இறக்குமதியை இறுக்கின. அப்பொழுதுதான் மிருகக்காட்சிச்சாலைகள் மெய்யாகவே பட்டிக்காரர் ஆயின. எந்தக் கன்று எந்தத் தாய்க்கும் எந்தத் தந்தைக்கும் பிறந்தது என்று எழுதும் வம்சப் பதிவேடுகள் தோன்றின. காட்டிலே ஒட்டகச்சிவிங்கிக் கூட்டம் கட்டுக்கோப்பானதன்று. பெண்களும் கன்றுகளும் சேர்வதும் பிரிவதுமாக மேயும். இளம் ஆண்கள் தமக்குள் திரிந்து கழுத்தால் மோதிப் பழகும். முதிர்ந்த ஆண் பெண்ணைத் தேடித் தனியே அலையும். வேலிக்குள் இந்த அலைச்சலுக்கு வழியில்லை. ஆகவே ஓர் ஆண், மூன்று நான்கு பெண்கள். மகள் மூன்று நான்கு வயதிற் பருவமடைந்தால் தந்தையோடேயே கூடிவிடும். அதைத் தடுக்க ஒன்று மகளை அனுப்பவேண்டும், அல்லது ஆணை மாற்றவேண்டும். மகனோ வளர்ந்ததும் தந்தையோடு மோதுவான். அவனை அதற்கு முன்னரே அனுப்பியாக வேண்டும்; பாலங்களுக்குக் கீழே போகும் வாகனத்தில் ஏற்றக்கூடிய உயரம் இருக்கும்போதே அனுப்பவும் வேண்டும். எங்கே அனுப்புவது? எல்லா இடத்திலும் பெண்தான் கேட்கிறார்கள்.

பட்டிக்காரனுக்கு இருந்த ஒரு வழி இவர்களுக்கு எளிதில் இல்லை. நாம்பனைக் கட்டிப்போட்டு நலமடித்து விடலாம். ஒட்டகச்சிவிங்கிக்கு மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்து. அத்தனை உயரத்திலுள்ள தலைக்கு இரத்தத்தை ஏற்ற அதன் இரத்த அழுத்தம் மனிதனுடையதைப்போல ஏறக்குறைய இருமடங்காய் இருக்கிறது. மயங்கி விழுந்தால் எழாமற் போவதும் உண்டு. சில மிருகக்காட்சிச்சாலைகள் ஆண்களை மட்டும் தனிப்பட்டியாக வைத்துப் பேணுகின்றன. பெண் மணம் அருகில் இல்லாதவிடத்து அவை ஓரளவு அமைதியாக வாழ்வதும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு நிலம் வேண்டும், கொட்டில் வேண்டும், நாள்தோறும் தழை வேண்டும். மரக்கொத்தும் தழையும் குறைந்து வெறும் வைக்கோலும் அரிசித்தவிடும் போன்ற தீனி மிகுந்தால் இவ்விலங்கு சுவரையும் கம்பியையும் ஓயாது நக்கத் தொடங்கும். அத்தனை செலவுக்குப் பார்வையாளரிடம் கட்டணம் வாங்க ஆண் கன்றைக் காட்டினாற் போதாது. தாயும் சிறு கன்றும் நிற்கவேண்டும். ஆகவே மேலும் கன்றுகள் பிறக்கின்றன. மிகையும் வளர்கிறது.

2014 பெப்ரவரி 9 இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் மிருகக்காட்சிச்சாலையில் மாரியஸ் என்ற பெயருடைய, இரண்டு வயது நிரம்பிய நலமான ஆண் ஒட்டகச்சிவிங்கி கொல்லப்பட்டது. அதன் பரம்பரையலகுகள் ஐரோப்பியப் பதிவேட்டில் ஏற்கெனவே போதிய அளவு இருக்கின்றன, ஆகவே அது மிகை என்பது காரணம். குழந்தைகள் உட்படப் பார்வையாளர் முன்னிலையில் உடல் அறுத்து விளக்கப்பட்டது. இறைச்சி சிங்கங்களுக்கு இடப்பட்டது. வாங்கிக்கொள்ள முன்வந்தோர் இருந்தும் கொடுக்கவில்லை. உலகமே கொதித்தது. அந்த நிறுவனத்தின் அறிவியற் பணிப்பாளர் அசையவில்லை; ஆண்டுதோறும் 20 முதல் 30 விலங்குகளை இவ்வாறு கொல்வது தமது வழக்கமே என்று வெளிப்படையாகச் சொன்னார்.

எம் மாணவனுக்குரிய விடை இதுதான். இவ்விடயத்தில் எம் மனம் ஒருதலையாய் நிற்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறோம். கொதித்தெழுந்தவர்களிற் பெரும்பாலோரின் உணவு மேசையிலே நாம்பன் கன்றின் இறைச்சி இருந்திருக்கும். மறைக்காமற் செய்தார்கள் என்ற அளவில் டென்மார்க்குக்காரர் மேலானவர்கள். அதற்கு முன் நடந்தவை மறைவிலேயே நடந்தன. 1975 ஏப்ரல் இறுதியிற் செக்கோஸ்லவாக்கியாவின் துவூர் கிராலோவே மிருகக்காட்சிச்சாலையில், காவலில் இருந்த உலகின் மிகப்பெரிய ஒட்டகச்சிவிங்கி மந்தை, 49 விலங்குகள், நோய் பரவும் என்ற அச்சத்தின் பேரில் ஓரிரவிற் சுட்டு வீழ்த்தப்பட்டது. சினைப்பட்டிருந்தவையும் அவற்றில் இருந்தன. அரசு அதை மக்களுக்குச் சொல்லவில்லை. சோஷலிச நாடு என்று பெயர் பூண்டிருந்த காரணத்துக்காக அந்த மௌனத்தை நாம் மூடி எழுதினால், ஹாகன்பெக்கைப்பற்றி மேலே எழுதியதற்கு எமக்கு உரிமை இல்லாமற் போகும்.

ஆயினும் கொப்பன்ஹேகன் வாதத்தில் எமக்கு உடன்பாடில்லாத ஓரிடம் உண்டு. மிகை என்பது இயற்கை தந்த அளவன்று. வேலியின் அளவு தந்தது. கன்று பிறக்கும்போதே அதற்கு இடமில்லை என்று தெரிந்தும் பிறக்கவிட்டு, கன்றுக் காலத்து வருவாயைப் பெற்றபின் பதிவேட்டைத் திறந்து காட்டுவது பட்டிக்காரன் செய்யாத செயலும் அன்று. ஆனால் அவன் அதற்கு அறிவியல் என்று பெயரிடுவதில்லை. பதிவேட்டுக்காரர் இப்பொழுது கிளையினங்கள் கலந்து பிறந்தவற்றையும் பெருக்க விரும்புவதில்லை. 2016 இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று ஒட்டகச்சிவிங்கி ஓரினமன்று, நான்கு என்றது. 2025 இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை ஏற்றுக்கொண்டது. காட்டில் எது எங்கே குறைகிறது என்று அறிய இப்பகுப்பு உதவும், அதில் ஐயமில்லை. எனினும் கலப்பு, தூய்மை என்ற சொற்களைக் கேட்கும்போதே உடல் கூசும் நாட்டில் வாழ்கிறோம். அது எம் காதின் குற்றமாயிருக்கலாம்.

இத்தனை பதிவேடுகளுக்கும் அப்பால் காட்டிலே என்ன நடந்தது? 1985 ஐ அடுத்த முப்பது ஆண்டுகளில் ஆபிரிக்காவில் ஒட்டகச்சிவிங்கிகள் ஏறக்குறைய 40 வீதம் குறைந்தன என்று மேற்கூறிய ஒன்றியம் 2016 இல் அறிவித்தது. சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இவ்விலங்கைச் சேர்க்கும் யோசனை 2019 மே மாதம் கொழும்பிற் கூடவிருந்த மாநாட்டுக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதல்களால் மாநாடு இங்கே நடைபெறவில்லை. ஓகஸ்டில் ஜெனீவாவிற் கூடி முடிவெடுத்தார்கள். எமது தலைநகரின் பெயரால் எழுதப்பட்டிருக்கக்கூடிய தீர்மானம் அது.

குறைந்த கணக்கினிடையே கூடிய கணக்கு ஒன்றும் உண்டு. மேற்காபிரிக்கக் கிளையினம் 1990 களின் நடுவில் நைஜர் நாட்டிலே வெறும் 49 ஆகச் சுருங்கிற்று. துவூர் கிராலோவேயில் ஓரிரவில் வீழ்ந்த தொகையும் அதுவே. 2018 அளவில் அவை ஏறக்குறைய 600 ஆயின. தலைநகர் நியாமேயை அடுத்த கூரே என்ற பகுதியில், வேலி எதுவுமில்லாமல், சாமை போன்ற சிறுதானியம் விளையும் ஏழை மக்களின் நிலங்களிலும் அவர்களுடைய மாடுகளின் மேய்ச்சற்றரையிலுமே அவை பெருகின. அரசு வேட்டையைக் கடுமையாகத் தடுத்தது. ஊரவர் பயிரை இழந்தும் பொறுத்தார்கள், அதற்குச் சிறிது உதவியும் பெற்றார்கள். அங்கே ஆண் கன்று பிறந்தால் நடந்துபோக இடமிருக்கிறது. யானை வயலில் இறங்கிய காலையில் எம்மூர் உழவனிடம் இந்தக் கதையைச் சொல்ல நாம் துணியமாட்டோம். பொறுத்தவர்களுக்கு யார் ஈடுகொடுத்தார் என்றே அவன் முதலிற் கேட்பான்; கேட்கவேண்டியதும் அதுதான்.

மறுவாரம் இவற்றையெல்லாம் சுருக்கி வகுப்பிற் சொன்னோம். மாரியஸின் கதைக்கு எவரும் அழவில்லை. சிலர் தலையசைத்தனர், பட்டி வீட்டுப் பிள்ளைகள். 2006 இல் போர் எம் ஊரைத் துரத்தியபோது, நாமும் அவர்களுடைய வயதையொத்த மாணவராய் வாகரைப் பக்கம் நடந்தோம். மாடுகளை அவிழ்த்துவிட்டே போனோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது, காட்டிற் சிதறிய மாடுகளின் தொடையிலே சுட்ட குறியைத் தடவிப் பார்த்து, இன்ன பட்டி, இன்ன பசுவின் வழி என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இரண்டொருவரே எஞ்சியிருந்தார்கள். அவர்களிடம் எழுதிய பதிவேடு இல்லை. அவர்கள் சொன்னதை வைத்தே பட்டிகள் மறுபடி பிரிக்கப்பட்டன.

கேள்வி கேட்ட பையன் கடைசி வரை பேசாமல் இருந்தான். மணி அடித்தபின் மேசையருகே வந்து, அதீர் பாரிஸில் எங்கே படுத்தான் என்று கேட்டான். ஒட்டகச்சிவிங்கியின் கொட்டிலுக்குள்ளேயே, அதன் தலை உயரத்தில் அமைந்த ஒரு பரணில், ஏணி வைத்து ஏறிப் படுப்பான் என்றோம்.

"காலைக்குள்ளதான்" என்றான் அவன். எம்மூரில் மாட்டுப்பட்டி அடைக்கும் இடத்துக்குக் காலை என்று பெயர்.